தன்னூரும் அடுப்பும்

புதுமனை கட்டுவோர் இந்நாளில் சமையலறையைப் பற்றிப் பேச்செடுத்தால் கடைசியில் ஒரு வினாவில் வந்து நிற்கின்றனர். மேடைமீது எரிவாயு அடுப்பு மட்டும் போதுமா, சுவரில் பதித்து ஓர் ஓவனும் வைத்துவிடலாமா என்பதே அது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஓவன் வேண்டும் என்பர். வீட்டுப் பெரியவர்களோ, அது ஆறு மாதத்தில் பழைய பாத்திரம் அடுக்கும் பெட்டியாகிவிடும் என்று நகைப்பர். (இதைச் சிலர் 'அவன்' என்றே எழுதுகின்றனர். 'அடுப்பு வேண்டாம், அவன் வேண்டும்' என்று எழுதினால் படிப்பவர் வேறு பொருள் கொள்ளக்கூடும் என்பதால் நாம் 'ஓவன்' என்றே எழுதுகிறோம்.) நம்மிடமே இவ்வினாவைக் கேட்டவர்கள் உண்டு. சட்டென்று விடை கூற மனம் வரவில்லை. ஏனெனில் இது நேற்றுத் தோன்றிய வினா அன்று. மதீனாவின் வீடுகளும் பக்தாதின் அரண்மனைகளும் கெய்ரோவின் தெருக்களும் தத்தமக்கு ஏற்றபடி விடை கண்ட வினா.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். அடுப்பில் நெருப்பு கீழிருந்து எழுகிறது. அது பாத்திரத்தைச் சுடுகிறது. பாத்திரம் தண்ணீரையோ எண்ணெயையோ சுடுகிறது. அதன் பின்னரே உணவுக்குச் சூடு போய்ச் சேருகிறது. தண்ணீர் இருக்கும்வரை சாதாரணப் பானையின் உள்வெப்பம் 100 பாகையைத் தாண்டுவதில்லை. சூளையிலோ அறை முழுவதும் காய்ந்துவிடுகிறது. நாற்புறத்திலிருந்தும் உலர்ந்த வெப்பம் உணவைச் சூழ்ந்துகொள்ள, மேற்புறம் சிவக்கிறது. உட்புறம் பஞ்சுபோல் வேகிறது. கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடும் ஒரு பசைத்தன்மை உண்டாகிறது. மாவு புளிக்கும்போது எழும் காற்றை அது வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. சூளையின் வெப்பம் பட்டதும் அந்த மாவு ரொட்டியாக உப்புகிறது. அரிசிக்கு அத்தன்மை கிடையாது. ஆகவே நெல் விளையும் நாட்டார் பானையையும் ஆவியையும் நம்பினர். கோதுமை விளையும் நாட்டார் சூளையைக் கண்டனர். ஆனால் தானியம் மட்டுமே இதைத் தீர்மானித்ததென்று கூறிவிட இயலாது. விறகும் தீர்மானித்தது, வீட்டின் பரப்பும் தீர்மானித்தது, அண்டை அயலாரும் தீர்மானித்தனர். இக்கடைசிக் காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

அரபியில் 'தன்னூர்' என்பது களிமண்ணால் வனைந்து தரையில் பதித்த, வாய் திறந்த உருளை வடிவச் சூளை. நாம் 'தந்தூர்' என்று அறிந்திருப்பது இதுவே. சொல்லோ அரபியினும் பழமையானது. ஈராக் மண்ணின் பண்டை மொழியாகிய அக்காதியத்தில் அது 'தினூரு' என்று வழங்கிற்று. அடியில் தீ மூட்டிச் சுவர் நன்கு காய்ந்ததும், தட்டிய மாவை உட்சுவரில் அப்பி எடுப்பர். திருக்குர்ஆனில் நூஹ் நபி (அலை) அவர்களின் வெள்ளப் பெருக்கைக் கூறுமிடத்தில், ஹூது அத்தியாயத்திலும் முஃமினூன் அத்தியாயத்திலுமாக இருமுறை இச்சொல் வருகிறது. அது ரொட்டி சுடும் தன்னூர்தானா, பூமியின் மேற்பரப்பைக் குறிப்பதா என்று விரிவுரையாளர்கள் நெடுங்காலம் வாதித்திருக்கின்றனர். அந்த வாதத்தில் நாம் நுழையவில்லை. வீட்டுப் பொருளொன்று கேட்பவர் மனத்தில் உடனே உருக்கொள்ளுமளவுக்கு அரபியரிடையே பழகியிருந்தது என்பதே நமக்கு வேண்டியது.

மதீனாவின் எளிய வீடொன்றில் அடுப்பும் தன்னூரும் ஒருசேர இருந்ததைப் புகாரியின் ஹதீஸ் தொகுப்பு நமக்குக் காட்டுகிறது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627இல், அகழ்ப் போருக்காக மண் தோண்டிக்கொண்டிருந்த நாள்கள் அவை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பசியைக் கண்ணுற்ற ஜாபிர் (ரலி) அவர்கள் வீட்டுக்கு விரைந்து, இருந்த ஓர் ஆட்டுக்குட்டியை அறுத்தார்கள். துணைவியார் ஒரு ஸாவு வாற்கோதுமையை அரைத்துப் பிசைந்தார்கள். கல்லடுப்பின் மீது இறைச்சிப் பானை. பக்கத்தில் ரொட்டிக்குத் தன்னூர். சிலருக்கு மட்டுமே போதும் என்று எண்ணிச் செய்த அந்த விருந்துக்கு அகழ் தோண்டிய அனைவரும் அழைத்து வரப்பட்டனர். தாம் வரும்வரை பானையை இறக்கவும் வேண்டாம், ரொட்டி சுடவும் வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லியனுப்பப்பட்டது. எடுக்கும்தோறும் பானையையும் தன்னூரையும் மூடி வைத்து, அத்தனை பேருக்கும் பரிமாறியும் உணவு மிஞ்சிற்று என்பது அறிவிப்பு. அற்புதத்தைக் கூறவந்த அறிவிப்பாளர், தம்மையறியாமலே ஒரு சமையற்கட்டின் அமைப்பையும் சொல்லிச் சென்றுவிட்டார். இறைச்சிக்கு அடுப்பு, ரொட்டிக்குத் தன்னூர். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை.

அப்பானை நின்ற மூன்று கற்களுக்கு அரபியில் 'அஸாஃபீ' என்று பெயர். கூடாரம் பெயர்த்துப் போய்விட்ட காதலியின் பழைய இருப்பிடத்தில் கரியேறிக் கிடக்கும் இக்கற்களைக் கண்டு உருகுவது அறியாமைக் காலத்து அரபுக் கவிஞர்களின் மரபு. மூன்று கல்லடுப்பு நமக்கும் அந்நியமன்று. கற்களை எங்கும் கூட்டலாம், எப்போதும் கலைக்கலாம். தன்னூரை அப்படிச் செய்ய இயலாது. அது ஓரிடத்தில் ஊன்றியது. ஊன்றியதால் பலருக்கும் பொதுவாக அமையக்கூடியது.

இதற்கு ஒரு சான்று இருக்கிறது. நாம் படித்தவற்றுள் நம் மனத்தை மிகவும் தொட்டது அதுவே. ஹாரிஸாவின் புதல்வியார் உம்மு ஹிஷாம் (ரலி) அவர்கள், வெள்ளிக்கிழமைகளில் நபிகளார் மிம்பரில் ஓதக் கேட்டே 'காஃப்' அத்தியாயத்தை மனனம் செய்ததாகக் கூறும் செய்தி முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. அதைக் கூறுமுன் அவர்கள் தெரிவிக்கும் விவரம் ஒன்றுண்டு. இரண்டு ஆண்டுகள், அல்லது ஓராண்டும் மேலும் சில காலமும், தங்கள் வீட்டுத் தன்னூரும் நபிகளாரின் தன்னூரும் ஒன்றாகவே இருந்தது என்கிறார்கள். எவ்வளவு நெருங்கிய அண்டை வீட்டார் என்பதை உணர்த்த அவர்கள் சுவரைச் சொல்லவில்லை, வாசலைச் சொல்லவில்லை. ரொட்டி சுட்ட சூளையைச் சொன்னார்கள். ஒரு தன்னூரைப் பகிர்ந்துகொள்வது உறவின் அடையாளமாக அன்றைய காதுகளுக்கு ஒலித்திருக்கிறது. 'எங்கள் அடுப்பும் அவர்கள் அடுப்பும் ஒன்று' என்று நம்மவர் சொன்னால் அது கூட்டுக் குடும்பத்தைத்தான் குறிக்கும். அடுப்பைப் பகிர்வோர் ஒரே குடும்பத்தார். தன்னூரைப் பகிர்வோர் அண்டை வீட்டார். இவ்வேறுபாடே இக்கட்டுரைக்கு நம்மைத் தூண்டியது.

மூன்று நூற்றாண்டுகள் கடந்து பக்தாதுக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூல் 132 அத்தியாயங்களும் 600க்கு மேற்பட்ட செய்முறைகளும் கொண்டது. 2007இல் நவால் நஸ்ரல்லாஹ் என்னும் ஈராக்கிய அம்மையார் இதை ஆங்கிலத்தில் முழுமையாக வெளியிட்டார். மற்றொரு நூல் அதே பெயரில் முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதீ ஹிஜ்ரி 623இல், கி.பி. 1226இல், எழுதியது. மங்கோலியர் பக்தாதை அழிப்பதற்கு 32 ஆண்டுகளே இருந்த நேரம் அது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை ஏ.ஜே. ஆர்பெரி 1939இல் வெளியிட்டது நம் நாட்டு ஹைதராபாத்தின் 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழில்தான் என்பதைப் பெருமையோடு நினைவுகூரலாம்.

இந்நூல்களைப் படிக்கும்போது, அடுப்பா தன்னூரா என்று வசதி படைத்த பக்தாதுச் சமையலறைக்குக் குழப்பம் இருந்ததாகவே தெரியவில்லை. இரண்டும் இருந்தன, இரண்டுக்கும் வேலை பங்கிடப்பட்டிருந்தது. 'முஸ்தவ்கத்' எனப்பட்ட அடுப்பில் குழம்புகள் கொதித்தன. தன்னூரில் காலையில் ரொட்டி சுட்டனர். அதன் பிறகும் சூளை ஓய்வதில்லை. கோதுமையும் இறைச்சியும் கலந்த ஹரீஸாவைப் பானையிலிட்டு, இரவு முழுவதும் தன்னூரின் தணிந்த வெப்பத்தில் விட்டுவைத்தனர். 'ஜூதாபா' என்றொரு பண்டம் உண்டு. கோழியையோ இறைச்சியையோ தன்னூருக்குள் தொங்கவிட்டு, அடியில் ரொட்டியும் இனிப்பும் நிறைந்த தட்டை வைத்துவிடுவர். மேலே வேகும் இறைச்சியின் கொழுப்பு சொட்டுச் சொட்டாக இறங்கித் தட்டிலுள்ளதை ஊறவைக்கும். ஒரு தீயில் இரு பண்டம். இப்படி எரித்த விறகின் கடைசிச் சூடுவரை வேலை வாங்கிய சிக்கனத்தை அரண்மனை நூலில் காண்பது நமக்கு வியப்பளிக்கிறது.

அல்பக்தாதீயின் அடுப்புச் செய்முறைகள் பல ஒரே பாங்கில் முடிகின்றன. குழம்பு வெந்தபின் பானையின் ஓரங்களைத் தூய துணியால் துடைத்து, தணிந்த தீயில் ஒரு நாழிகை 'அடங்க' விட்டு இறக்கவேண்டும் என்பார். பிரியாணிக்குத் தம் போடும் நம் பண்டாரிகள் இதைக் கேட்டால் தம் கையைப் பார்த்தே எழுதியதாக எண்ணுவர். விறகைப் பற்றியும் அவர் கண்டிப்பானவர். ஆலிவ் மரம்போல் காரப்புகை எழாத உலர்ந்த விறகே நல்லது. அத்திமரம் புகையும், பால் வடியும் பச்சை மரம் கூடாது என்கிறார். பாத்திரங்களுள் கற்சட்டிக்கு முதலிடம், அடுத்தது மண்சட்டி, ஈயம் பூசிய செம்பு அதற்கும் பின்னர்.

முஸ்தவ்கத்தைப் பற்றி இன்னொன்று கூறவேண்டும். அது ஆளின் உயரத்தில் பாதியளவுக்கு உயர்த்திக் கட்டப்பட்டது. காற்று உள்ளே வரவும் புகை வெளியேறவும் துளைகள் உடையது. நின்றபடியே சமைக்கலாம். பத்தாம் நூற்றாண்டில் கலீபாக்களின் சமையற்காரருக்குக் கிடைத்த இந்த வசதி நம் உம்மாமாருக்கு எப்போது கிடைத்தது? தரையோடு தரையாக மண்ணடுப்பின் முன் குந்தியிருந்து, ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்தவர்கள் அவர்கள். புகைபோக்கி இல்லாத அடுக்களையின் ஓட்டுக்கூரையில் படிந்த கரியே அந்த வரலாற்றின் ஏடு. மண்ணெண்ணெய் அடுப்பும் எரிவாயுவும் வந்தபின்னரே மேடையும் வந்தது. இண்டேன் எரிவாயு கல்கத்தாவில் முதல் வீட்டை எட்டியது 1965இல். ஏழைக் குடும்பங்களின் பெண்களுக்கு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் தொடங்கியது 2016இல். பத்தாம் நூற்றாண்டுக்கும் இவ்வாண்டுகளுக்கும் இடையே ஓர் ஆயிரம் ஆண்டு கிடக்கிறது. ஓவன் வேண்டுமா என்ற பேச்சுக்கு முன், அடுப்பையே எத்தனை காலம் நாம் சீர்செய்யாமல் விட்டிருந்தோம் என்பதை எண்ணி வெட்கப்படவேண்டும் என்பது நம் கருத்து.

பக்தாதில் இரண்டும் இருந்தன என்றோம். கெய்ரோவுக்குப் போனால் பல வீடுகளில் இரண்டும் இல்லை! எகிப்தில் விறகு அரிது. நைல் கரையில் வயல் உண்டு, காடு இல்லை. வைக்கோலும் சாண வரட்டியும் எரித்தவர்களுக்கு வீட்டுக்கு வீடு சூளை என்பது நடவாத காரியம். பழைய கெய்ரோவின் ஜெனீஸா ஆவணங்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த எஸ்.டி. கொய்ட்டைன், அந்நகர மக்கள் சமைத்த உணவைக் கடைத்தெருவில் வாங்கி உண்பதில் எவ்வளவு பழகியிருந்தனர் என்பதை எடுத்துக்காட்டுகிறார். மாவை மட்டும் வீட்டில் பிசைந்து, தெருவிலுள்ள 'ஃபுர்ன்' என்னும் பொதுச் சூளைக்கு அனுப்பிச் சுட்டு வாங்கினர். ஃபுர்ன் என்பது செங்கல்லால் கட்டிய பெரிய சூளை. தன்னூரைப்போல் மேலிருந்து கைவிடாமல் பக்கவாட்டில் திறந்த வாய்வழியே நீண்ட மரத்துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளுவர்.

ஊருக்குப் பொதுவான ஒன்று வந்துவிட்டால் அதற்குச் சட்டமும் வந்துவிடும். அங்காடிக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபுக்கு வழிகாட்ட, 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்ஷைஸரீ எழுதிய நூல் இத்துறையில் புகழ்பெற்றது. மாவு பிசைபவன் காலால் மிதித்துப் பிசையக்கூடாது. வாயை மூடித் துணி கட்டவேண்டும். வியர்வை சொட்டாதிருக்க நெற்றியில் பட்டை கட்டவேண்டும். ஈ ஓட்ட ஓர் ஆள் நிற்கவேண்டும். சூளைக்கூடத்தின் கூரை உயரமாகவும் புகை வெளியேறும் வழியோடும் இருக்கவேண்டும். மீனின் கொழுப்பு ரொட்டியில் படக்கூடாதாகையால் மீனை வேறாகச் சுடவேண்டும். இவற்றிலெல்லாம் நமக்கு மிகவும் சுவையாகத் தோன்றியது வேறொன்று. வீடுகளுக்குச் சென்று மாவைப் பெற்றுவரும் சூளைப் பணியாள் பருவமடையாத சிறுவனாக இருக்கவேண்டும். ஏனெனில் அவன் வீடுகளுக்குள் நுழைந்து பெண்களைச் சந்திக்க நேரும் என்கிறார். வீட்டு நெருப்பைத் தெருவுக்கு மாற்றியபோது வீட்டு வாசலும் சிறிது திறக்கவேண்டியதாயிற்று; அந்த இடுக்கில் ஒரு சிறுவனை நிறுத்திச் சமூகம் தன் கவலையைத் தீர்த்துக்கொண்டது.

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் இம்முறை நம் காலம்வரை நிலைத்திருக்கிறது. அங்கு ஒரு மஹல்லா என்றால் பள்ளிவாசல், மதரஸா, நீரூற்று, ஹம்மாம், பொதுச் சூளை ஆகிய ஐந்தும் இருக்கவேண்டும் என்பர். பலகையில் மாவை அடுக்கித் துணியால் மூடிப் பிள்ளைகள் தலையில் சுமந்து செல்வர்; தம் வீட்டு ரொட்டி மாறிவிடாதிருக்க ஒவ்வொரு குடும்பமும் மாவில் தன் அடையாளத்தைப் பதிப்பதுண்டு. மராக்கேஷ் மக்கள் இன்னும் ஒருபடி மேல். இறைச்சி நிரப்பிய மண்தாழியை ஹம்மாம் நீரைக் காய்ச்சும் உலையின் சாம்பலில் புதைத்து வேகவைக்கின்றனர். குளிக்க எரித்த தீயிலேயே விருந்தும் ஆகிவிடுகிறது. பஞ்சாப் கிராமங்களில் பெண்கள் கூடி ரொட்டி சுட்ட 'ஸாஞ்சா சூல்ஹா'வும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

நம் கடற்கரை ஊர்களுக்குச் சூளை வீட்டுப் பொருளாக வரவில்லை. அரபுக் கப்பல்கள் வந்தன. குதிரை வந்தது, மொழி வந்தது, மார்க்கம் வந்தது. தன்னூர் மட்டும் கரையேறவில்லை. நெற்சோறு உண்போருக்கு அது எதற்கு? ஆனால் சூளையில் மட்டுமே செய்யக்கூடியதை அடுப்பில் செய்துவிட நம் பெண்கள் கண்ட உபாயம் பாராட்டுக்குரியது. ரவையும் முட்டையும் சர்க்கரையும் நெய்யும் கலந்து சட்டியில் ஊற்றி, கீழே தணலை இழுத்துவிட்டு, மூடியின் மேலும் தணலைப் பரப்புவர். கீழும் மேலும் ஒத்த சூடு. சட்டியே சூளையாகிவிடுகிறது. தம்மடை அவ்வாறு பிறந்த பண்டம். முகலாயர் சமையலில் 'தம்புக்த்' என்று அபுல் ஃபஸ்லின் 'ஆயினே அக்பரி' குறிப்பிடும் உணவும் மூடி அடைத்து வேகவைக்கும் இம்முறையின் உறவே. மேல்தணல் எப்போது போதும் என்பதற்குக் கடிகாரம் கிடையாது; மணத்தைக் கொண்டே அறிந்தனர். நாம் சிறுவராய் இருந்தபோது, மூடியைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டுச் சாம்பலை உள்ளே கொட்டி வாங்கிய அடியை இன்றும் மறக்கவில்லை.

சூளை என்னும் பொருள் நமக்குப் பிந்தி வந்தாலும் சொல் ஒரு விந்தையான வழியில் வந்தது. அரபியின் ஃபுர்ன், இலத்தீனின் 'ஃபுர்னுஸ்' கிரேக்கம் வழியாகப் புகுந்தது. அதே இலத்தீன் சொல் போர்த்துக்கீசியத்தில் 'ஃபோர்னோ' ஆயிற்று. போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தபோது அது யாழ்ப்பாணத் தமிழில் 'போறணை' ஆயிற்று. ஈழத்தமிழர் பாண் சுடும் போறணையும் கெய்ரோவின் ஃபுர்னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! தமிழகத்தில் நாம் 'பேக்கரி' என்று சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்துத் தீவில் நம் மொழியிலேயே நல்லதொரு சொல் வழங்குவதை நாம் கவனிப்பதில்லை.

இனி, நம்மிடம் வினவியவர்களுக்கு வருவோம். பழைய சூளைக்கும் இன்றைய ஓவனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழையதை ஒருமுறை காய்ச்சினால் பத்து வீட்டு ரொட்டியும், அதன்பின் பானைகளும், இரவில் ஹரீஸாவும் அதில் வெந்தன. இன்றைய மின்ஓவன் ஒரு கேக்குக்காகப் பெட்டி முழுவதையும் காய்ச்சிவிட்டு, எஞ்சிய சூட்டைச் சமையலறைக்கே வழங்கிவிடுகிறது. சித்திரை மாதத்தில் அதை யாரும் விரும்பமாட்டார்கள். சோறும் ஆணமும் பொரியலும் நாள்தோறும் வேண்டிய வீட்டுக்கு அடுப்பே முதன்மை. நல்ல கனமான அடியும் இறுகிய மூடியும் உள்ள ஒரு தேக்சா இருந்தால் ஓவன் செய்வதில் பாதியை அது செய்துவிடும். வாரந்தோறும் ரொட்டி சுடுவோரும், கேக் செய்து விற்று வருவாய் தேடும் பெண்களும் ஓவன் வாங்குவதை நாம் தடுக்கமாட்டோம். அவர்களுக்கு அது அணிகலன் அன்று, கருவி.

இவ்வளவையும் நாம் சொல்லிக் கேட்டபின், நண்பரொருவர் பிள்ளைகளின் பேச்சுக்கு இணங்கித் தம் புதுவீட்டில் ஓவனையே வைத்தார். நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு அவ்வீட்டுக்குச் சென்றிருந்தோம். சமையலறை மேடையில் மூன்று தட்டுகள் தம்மடைக் கலவையோடு வரிசையாகக் காத்திருந்தன. ஒன்றுதான் அவர்கள் வீட்டினுடையது. மற்ற இரண்டும் அடுத்த வீட்டிலிருந்தும் எதிர் வீட்டிலிருந்தும் வந்தவை; மாறிவிடக்கூடாதென்று ஒன்றின்மேல் முந்திரிப் பருப்பையும் மற்றதன்மேல் உலர்ந்த திராட்சையையும் பதித்திருந்தார்கள்.